அருவிக்குக் காத்திருந்த கண்

ஏப்ரல் 21, திங்கள்

ஆய்வகக் கட்டடத்தில் மராமத்து. எலிகளைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டு என்னைத் தென்காசிக்கு அனுப்பிவிட்டார்கள். எலிகளுக்குக் கிடைத்த அறையில் ஏசி உண்டு. எனக்குக் கிடைத்தது தம்பி வீட்டு மாடி அறையும் ஒரு மின்விசிறியும். அது சுற்றுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். திருவனந்தபுரத்தில் ரபீக் மட்டும் ஒரு சின்ன அறையில் வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறான். முகம்மது ரபீக் கடையநல்லூர்க்காரன், என்னிடம் முனைவர் பட்டம் முடித்தவன். இப்போது ஆய்வகமே அவன் கையில்தான்.

வந்த வேலை, ஒரு கட்டுரையை நான்காம் முறையாக எழுதுவது. இருபத்தைந்து வருடமாக மூளை அழற்சியோடுதான் குடித்தனம். நம்மைக் காக்க வேண்டிய ஆன்டிபாடிகள் சில பேர் உடம்பில் மூளை நரம்பின் மேலுறையையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். கண் போகும், கால் போகும். அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஒரு பரிசோதனை உண்டாக்கி வைத்திருக்கிறோம். உயிருள்ள செல்களின் மேல் அந்த மேலுறைப் புரதத்தை வளர்த்து, ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஊற்றுவோம். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும், நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். வெளி லேப்களில் செத்த செல்களை வைத்துச் செய்கிறார்கள். அதில் பல நோயாளிகள் தப்பிவிடுகிறார்கள்.

எல்லாம் சரி. ஒன்றுதான் உதைக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமே. ஒன்பது வருடத்துக்கு முன் தென்காசியில் முகாம் போட்டு வாங்கிப் போனோம். எல்லா ரத்தமும் இருட்டாகக் கிடக்க, ஒன்று மட்டும் பச்சையாக எரிகிறது. எத்தனை தடவை செய்தாலும் எரிகிறது. நல்ல உடம்புக்காரரையே நோயாளி என்று சொல்லும் பரிசோதனையை எப்படி நம்புவது என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஆய்விதழின் மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதனால்தான் இத்தனை எரிச்சல்.

ஏப்ரல் 23, புதன்

பக்கத்து வீட்டுக்காரர் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்று வந்து முழங்காலைக் காட்டினார். நான் அந்த டாக்டர் இல்லை என்றேன். அப்போது எந்த டாக்டர் என்றார். எலி டாக்டர் என்றான் என் தம்பி குத்தாலிங்கம். அவன் மனைவி லோகநாயகி சிரித்த சிரிப்பில் ஒரு தோசை கருகியது. அதை எனக்குத்தான் வைத்தாள்.

ஏப்ரல் 26, சனி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

குத்தாலிங்கம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். தென்காசியில் பாதிப்பேர் அவனிடம் திட்டு வாங்கிக் கிளட்ச் மிதித்தவர்கள். சாயங்காலம் வாசலில் பெயின்டர் பிச்சைமணியோடு சண்டை. காரில் மாட்டும் எல் போர்டு வெளுத்துவிட்டதாம். போன மாதம் அடித்தது, அதற்குள் செங்கல் நிறமாகிவிட்டதாம், கலப்படப் பெயின்டாம். பிச்சைமணி பாவம், இதற்கு மேல் சிவப்பு டப்பாவிலேயே கிடையாது அண்ணாச்சி என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். எல் என்ற எழுத்து பளீரென்று சிவந்து நின்றது.

கண் நரம்பு வீங்கினால் முதலில் வெளிறுவது சிவப்புதான். இப்படிச் சிவப்பு வெளிறுவதைப் பற்றி எத்தனை நோயாளிகளின் குறிப்பைப் படித்திருக்கிறேன்.

அவனை உள்ளே இழுத்து வந்து, லோகநாயகியின் குங்கும டப்பா மூடியைக் கையில் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னேன். வலது கண்ணில் சிவப்பு என்றான். மாற்றிப் பொத்தச் சொன்னேன்.

"காப்பிப்பொடி மாதிரி இருக்கு. இது என்னக்கா வெளையாட்டு?"

"கண்ணை அசைச்சா வலிக்காலே?"

லோகநாயகியைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். ரெண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றே எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன் முதல் தடவை, வலது கண். புகை மூட்டியது போல் ஆகி, அசைத்தால் வலி. அது ஆனி மாதம், அருவியில் தண்ணீர் கொட்டும் சீசன். கூட்டாளிகளோடு ஐந்தருவிக்குப் போயிருக்கிறான். தண்ணீருக்கடியில் நின்று வெளியே வந்தால் எதிரே இருந்த எச்சரிக்கைப் பலகை பளிச்சென்று தெரிந்ததாம். வெயில் ஏறினால் மறுபடி மங்கல். விடாமல் தினம் போய் நின்றிருக்கிறான். சில வாரத்தில் கண் முழுசாகச் சரியாகிவிட்டது. நாலு வருடத்துக்கு முன் இடது கண். அதுவும் சீசன். அதுவும் சரியாகிவிட்டது. இப்போது பங்குனிக் கடைசியிலிருந்து இடது கண் மறுபடி. இந்தத் தடவை அருவியில் தண்ணீர் இல்லை. என்ன செய்தான்? சீசன் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறான்.

"பேரே குத்தாலிங்கம். அருவி என்னைக் கைவிடுமாக்கா?"

நான் கத்தின கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். ஏலே, ஒங்க அக்கா இருவத்தஞ்சு வருசமா வேற என்னத்தலே செய்யுதா? இதைத்தானேலே செய்யுதா? ஒரு போன் போட ஒனக்கு என்ன கேடு? அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான், "ஒன்கிட்ட சொன்னா வைவ." வைதுகொண்டிருக்கும்போதே அதைச் சொன்னதால் மேற்கொண்டு வைய முடியவில்லை.

மாடிக்கு வந்து அழுதேன். அழற்சியை உடனே ஸ்டீராய்டு கொடுத்து இறக்க வேண்டும். நாள் போகப் போக நரம்பு செத்துக்கொண்டே வரும், செத்தது திரும்பாது. மூன்று வாரத்தை அருவிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான் பாவி.

காலையில் வாடகைக் காரில் திருவனந்தபுரம் கிளம்பினோம். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஆரியங்காவு வரைக்கும் டிரைவரின் கியரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

நரம்பியல் மருத்துவர் கிறிஸ்டி பார்த்தார். நாகர்கோவில்காரி, அளந்து பேசுகிறவர், நோயாளிகளின் ரத்தம் அனுப்பி எங்கள் ஆய்வுக்கு உதவுகிறவர். கண் நரம்பில் வீக்கம், ஸ்கேனில் மூளையிலும் சில புள்ளிகள். ஸ்டீராய்டு டிரிப் ஏறத் தொடங்கிவிட்டது. லோகநாயகி கட்டிலுக்கடியில் பாயை விரித்துக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை.

ஏப்ரல் 30, புதன்

வலது கண்ணும் மங்குகிறது.

காலையில் இட்லியில் சட்னி எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டான். அது தட்டில்தான் இருந்தது.

அவனுக்கு அருவியின் கதையைச் சொன்னேன். உறை பிய்ந்த நரம்பு சூட்டில் இன்னும் மோசமாக வேலை செய்யும், குளிர்ந்தால் கொஞ்ச நேரம் நன்றாகச் செய்யும். அருவி அதைத்தான் செய்தது. கண்ணைச் சரியாக்கியது அருவி இல்லை, அந்த இரண்டு தடவையும் நோயே தானாக வடிந்திருக்கிறது. மூன்றாம் தடவை வடிய வேண்டும் என்று சட்டம் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் ரெண்டு தடவையும் சும்மாதான் போய் நின்றேனா என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எதற்காக அதை இன்றைக்குச் சொன்னேன்? நாளைக்குச் சொல்லியிருக்கலாம்.

மே 3, சனி

டிரிப் முடிந்தது. வலது கண் மேலும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. வெளி லேபுக்கு அனுப்பிய ஆன்டிபாடி பரிசோதனை 'இல்லை' என்று வந்துவிட்டது. அப்படியானால் இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற வேறு நரம்பு நோய்தான், அதற்கான ஊசியைத் தொடங்கிவிடலாம் என்கிறார் கிறிஸ்டி. புத்தகப்படி அவர் சொல்வது சரி.

ஆனால் ரெண்டு கண்ணும் மாறி மாறி, இவ்வளவு வீக்கம், முன்பு முழுசாகத் திரும்பிய பார்வை — எனக்கு எங்கள் ஆன்டிபாடியின் வாடைதான் அடிக்கிறது. அதுவாக இருந்தால் அந்த ஊசி பிரயோசனப்படாது. அடுத்த தாக்குதல் காத்திருக்கும். இன்னொரு தாக்குதலை இந்தக் கண்கள் தாங்காது. எங்கள் உயிர்ச்செல் பரிசோதனையில் பார்க்கலாமா என்று கேட்டேன். கிறிஸ்டி ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. வேறு சில நோயாளிகளின் ரத்தத்தோடு கலந்து, எண் மட்டும் போட்டு, அவரே ரபீக்குக்கு அனுப்புவார். எது யாருடையது என்று ரபீக்குக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நானே அதைத்தான் கேட்பதாக இருந்தேன். தம்பி ரத்தம் என்று தெரிந்தால் இருட்டில்கூடப் பச்சை தெரியும் எனக்கு.

மே 5, திங்கள்

ஆய்வகப் பக்கமே போகவில்லை. ரபீக் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது என்று போனை லோகநாயகியிடம் கொடுத்துவிட்டேன். "ஒங்களுக்கே பயமா மதினி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மே 6, செவ்வாய்

ஒரு குழாய் மட்டும் பச்சையாக எரிந்திருக்கிறது. கிறிஸ்டி எண்ணை ஒத்துப் பார்த்தார். குத்தாலிங்கம்தான்.

பரிசோதனை வேலை செய்கிறது என்று சந்தோஷப்படவா, தம்பிக்கு நோய் உறுதி என்று அழவா? ரெண்டையும் செய்து முடிப்பதற்குள் கிறிஸ்டி சொன்னார்.

"மேடம், உங்க பரிசோதனை நல்ல ஆள் ரத்தத்திலயும் ஒளிருது. உங்க கட்டுரையை அதுக்காகத்தானே திருப்பி அனுப்பினாங்க? இன்னொரு லேப் இல்லைன்னு சொல்லும்போது, இதை நம்பி நான் எப்படி மருந்தை மாத்தறது? உங்க தம்பிங்கறதுக்காக மாத்தினா அது தப்பு."

எனக்குக் கோபமே வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை வரை ஊசியைத் தள்ளிவைக்கிறேன், அதற்கு மேல் ஆபத்து என்றார்.

மே 7, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பச்சை ரத்தக்காரரை வைதுகொண்டிருந்தேன். ஒரே ஒரு ஆள், எந்த ஊர்க்காரனோ, நல்ல உடம்போடு வந்து உட்கார்ந்து என் ஒன்பது வருடத்தைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டான், இப்போது உன் கண்ணையும் கெடுக்கிறான் என்று. குத்தாலிங்கத்துக்குக் கண்கள் மூடியே இருந்தன. எந்த முகாம் என்று கேட்டான். தென்காசியில் போட்டோமே, நீகூட உன் டிரைவிங் ஸ்கூல் ஆட்களை எல்லாம் கூட்டி வந்தாயே, அதுதான் என்றேன்.

"அதுல நானும் ரத்தம் குடுத்தேம்லா."

நீ எதற்குக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"ஊரையெல்லாம் கூட்டிட்டு வந்துட்டு நான் மட்டும் குடுக்காம நின்னா நல்லாவாக்கா இருக்கும்?"

மாதம் என்ன என்றேன். ஆவணி, கண் சரியாகி ஒரு மாதம் இருக்கும் என்றான். கொடுப்பதற்கு முன்னால் கண்ணில், கை காலில் ஏதாவது நோய் இருந்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்டோமே, அந்தக் கேள்வியை எழுதியதே நான்தானே, அதற்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"இல்லைன்னேன். அதான் அருவில போயிருச்சுல்லா."

லோகநாயகி தண்ணீர் கொண்டுவந்தாள். யாருக்கென்று தெரியாமல் நானே குடித்துவிட்டேன்.

இப்படி ஒரு பதிலை எந்த ஊரில் சொல்வார்கள்? பொய்யே இல்லை. அவன் மனசறிந்து சொன்ன உண்மை. போய்விட்ட நோயை எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆனால் இதெல்லாம் அனுமானம். முகாம் ரத்தத்தில் பெயர் கிடையாது, எண்தான். எந்த எண் யாருடையது என்பது நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் பூட்டிக் கிடக்கிறது. கொடுத்தவரே கேட்டால் மட்டும் திறப்பார்கள். குத்தாலிங்கம் கேட்டான். கையெழுத்து எங்கே போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, லோகநாயகி அவன் விரலைப் பிடித்து வைத்தாள்.

மே 9, வெள்ளி

அவன்தான்.

ஒன்பது வருடமாக உறைபெட்டியில் எரிந்துகொண்டிருந்தது என் தம்பியின் ரத்தம். பரிசோதனை ஒரு தடவைகூடத் தப்புச் சொல்லவில்லை. நாங்கள்தான் நோயாளியை நல்ல உடம்புக்காரர் வரிசையில் உட்காரவைத்திருந்தோம். அவன் அங்கே இருக்கிறான் என்று அது திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. நான் அதை வைதுகொண்டிருந்தேன்.

கிறிஸ்டி குழுவின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம், "ஊசி வேண்டாம் மேடம்" என்றார். ஸ்டீராய்டு மாத்திரையை மெதுவாக இறக்கிக்கொண்டே, இந்த நோய்க்கான வேறு மருந்து. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரபீக்குக்குப் போன் போட்டால் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான்.

மே 11, ஞாயிறு

இன்றைக்கு எனக்கு யாரோடும் சண்டை போடத் தோன்றவில்லை. நல்லதில்லை, பழக்கமாகிவிடும்.

யாருக்கெல்லாம் நன்றி சொல்வது? கட்டுரையைத் திருப்பி அனுப்பிய மதிப்பீட்டாளருக்கு. அவர் சும்மா விட்டிருந்தால் நான் அந்த ஒரு ரத்தத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மறந்திருப்பேன், புதன்கிழமை அதைப் பற்றி வாயைத் திறந்திருக்கவும் மாட்டேன். தம்பி என்பதற்காக இளகாத கிறிஸ்டிக்கு. வருடக்கணக்காக அந்த உறைபெட்டியின் மின்சாரத்தைக் காவல் காத்த ரபீக்குக்கு. அப்புறம் அந்த முகாமில் வந்து கை நீட்டிய எல்லோருக்கும். அவர்களுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு வாழைப்பழமும் பிஸ்கட் பாக்கெட்டும்தான். எதற்கு எடுக்கிறோம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். முடித்ததும் ஒரு பாட்டையா எழுந்து, ஏதோ நல்லதுக்குத்தானேம்மா, எடுத்துக்கோ என்றார். அவர்கள் எல்லோரும் இருட்டாக இருந்ததால்தான் இவன் ஒருவன் பச்சையாகத் தெரிந்தான். அவர்கள் இல்லாமல் என் பரிசோதனைக்கு ஒரு அர்த்தமும் இல்லை. இருபத்தைந்து வருடமாகக் கட்டுரைகளின் கடைசியில் ரத்தம் அளித்தோருக்கு நன்றி என்று ஒரு வரி எழுதி வந்திருக்கிறேன். இன்றைக்குத்தான் அந்த வரியை மனசாரச் சொல்கிறேன்.

மே 22, வியாழன்

தென்காசிக்கு வந்துவிட்டோம். வலது கண் கிட்டத்தட்டத் திரும்பிவிட்டது. இடது கண் கொஞ்சம் கொஞ்சமாக. பேப்பரில் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தைப் படித்து, இறந்தவரின் வயது தப்பாகப் போட்டிருக்கிறான் என்று சண்டைக்குப் போனான். லோகநாயகி பூஜை அறைக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

சாரல் விழுகிறது. ஊரே ஈரம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்று சொன்னார்கள். குத்தாலிங்கம் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன். போட்டாச்சு என்றான். மூன்று பேரும் போனோம்.

அவன் கீழே நின்றபோது நான் கரையில் நின்று பார்த்தேன். அந்த இரண்டு சீசனிலும் இவன் இங்கே தனியாக நின்று என்னவெல்லாம் பயந்திருப்பான், எப்படி நம்பியிருப்பான் என்று நினைத்தேன். அறிவியல்படி அருவி நோயை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பயந்துபோயிருந்தவனை அது தினமும் தாங்கியிருக்கிறது. அந்த வேலையை அப்போது நான் செய்யவில்லை, நான் ஆய்வகத்தில் இருந்தேன். அருவிக்கும் நன்றி, போ.

வெளியே வந்தவனிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சும்மா குளிச்சேன்க்கா, அவ்வளவுதான்" என்றான். அப்புறம் லோகநாயகி என்னையும் உள்ளே பிடித்துத் தள்ளிவிட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கட்டுரை ஏற்கப்பட்டது. மதிப்பீட்டாளர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: 'அந்த ஒருவர் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.' ரபீக் அதைப் பெரிதாக அச்சடித்து உறைபெட்டிமேல் ஒட்டிவிட்டான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

லோகநாயகியின் தங்கை மகன் கல்யாணத்துக்குத் தென்காசி வந்திருந்தேன், இன்றைக்குத் திருவனந்தபுரம் திரும்பினேன். கிறிஸ்டி போன வாரம் பார்வையைச் சோதித்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் போகிறேன் என்றேன். குத்தாலிங்கம் காதில் போட்டுக்கொள்ளாமல் என் பெட்டியை டிக்கியில் வைத்தான்.

யார் ஓட்டினாலும் எனக்குக் காரில் கண் மூடாது. பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன். இவனிடம் அதற்காகவே நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். செங்கோட்டை தாண்டியது தெரியும். மலை வளைவு ஆரம்பித்தது, மழையும் ஆரம்பித்தது. எதிரே ஒரு தடி லாரி வந்தது, இவன் ஒதுங்கி வழி விட்டான். ஏதோ கேட்டான், நானும் ஏதோ சொன்னேன்.

அப்புறம் அவன் தோளைத் தட்டித்தான் எழுப்பினான். புனலூரில் டீக்கடை வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. மலை முழுக்கத் தூங்கி வந்திருக்கிறேன்.